தங்க வேலைப்பாடுள்ள சவரக்கத்தி: தீட்டுவதும் பேணுவதும், புதியவர்களுக்கான முழு வழிகாட்டி

தங்க முலாம் அழிந்துபோன, ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துப் பழைய சவரக்கத்தியைப் பார்த்தால், சவரம் செய்து தேய்ந்தது என்றுதான் தோன்றும். அநேகமாக அது உண்மையல்ல. பளபளப்பாக்குகிறேன் என்று யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்திருப்பார்கள். இல்லையென்றால் முதுகை டேப்பால் மூடாமல் கல்லில் இழுத்திருப்பார்கள். தீட்டும்போது கல் தொடுவது இரண்டே கோடுகளை: முதுகின் விலாவில் ஒன்று, வெட்டும் விளிம்பான வாயில் ஒன்று. இடையில் உள்ள பூங்கொடியையும் எழுத்தையும் கல் தொடுவதே இல்லை. அதனால் அலங்காரக் கத்தியைத் தினமும் பயன்படுத்தலாம், கூராகவும் வைத்திருக்கலாம், அலகின் முகத்திலுள்ள தங்கமும் போகாது. முதுகை மூடுவது, ஈரத்தை ஒழிப்பது, தேய்க்கும் ஆசையை அடக்குவது ஆகிய மூன்றையும் விடாமல் செய்தால் போதும்.

கத்தியின் உறுப்புகள்

மடக்கு சவரக்கத்தியில் அலகும் கைப்பிடியும் ஓர் ஆணியில் இணைந்திருக்கும். அலகின் தடித்த விளிம்பு முதுகு, மெல்லிய விளிம்பு வாய். கைப்பிடிப் பக்கம் இருக்கும் முனையை அடி என்றும் எதிர்முனையை நுனி என்றும் இங்கே சொல்கிறோம். அடிக்கும் ஆணிக்கும் நடுவில் விரல் பிடிக்கும் தடித்த பகுதி காம்பு. ஆணிக்கு அப்பால் வளைந்து நிற்பது வால்.

அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டுப் பங்குகளில் சொல்வார்கள். 5/8 என்றால் சுமார் 16 மி.மீ., 6/8 என்றால் 19 மி.மீ., 7/8 என்றால் 22 மி.மீ. புதியவர்களுக்கு 5/8 அல்லது 6/8 கைக்கு அடங்கும்.

அடுக்களைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்த வேலையை முதுகு செய்கிறது. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். 19 மி.மீ. அகலமும் 5 மி.மீ. முதுகுத் தடிமனும் கொண்ட கத்தியில் வாயின் மொத்தக் கோணம் ஏறக்குறைய 15 பாகை. முதுகு தேயத் தேய இந்தக் கோணம் குறையும், வாய் வலுவிழக்கும். முதுகில் உள்ள வேலைப்பாடு எத்தனை அழகானது என்பது ஒருபுறம் இருக்க, முதுகே ஓர் அளவுகோல் என்பதையும் மறக்கக் கூடாது.

அலங்காரம் எத்தனை வகை

அலகின் முகத்தில் இருக்கும் சித்திரமும் எழுத்தும் பெரும்பாலும் அமிலத்தால் பொறித்தவை. எஃகின் மேல் அமிலம் தாக்காத பூச்சைப் படமாகப் பதித்து, மூடாத இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும்படி விடுவார்கள். அரிப்பின் ஆழம் மிகக் குறைவு.

அந்தப் பொறிப்பின்மேல் தங்கம் ஏற்றினால் தங்க முலாம். எல்கிங்டன் குடும்பத்தார் 1840-ல் இங்கிலாந்தில் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இது பரவலானது. ஜெர்மனியின் சோலிங்கனிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் இப்படிப்பட்ட கத்திகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. சோலிங்கனின் டோவோ நிறுவனத்துடைய ‘பிஸ்மார்க்’ வகைக் கத்தி இந்த மரபைத் தொடர்வது. படலம் மிக மிக மெல்லியது என்பதால், பாலிஷ் தோய்ந்த துணியால் பத்து முறை அழுத்தித் தேய்த்தாலே கீழே எஃகு தெரியத் தொடங்கிவிடும்.

முதுகில் அரத்தால் வெட்டிய கோலம் இன்னொரு வகை. பிரான்சின் தியேர் நகரத்துக் கத்திகளில் இதை நிறையக் காணலாம். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு கத்திகளை ஒரே பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் நாளின் பெயரைப் பொறித்த தொகுப்புகளும் உண்டு. டமாஸ்கஸ் எஃகில் தெரியும் அலைவரிகளும் அமிலத்தில் தோய்த்து எடுத்துக் காட்டுபவைதான். பாலிஷ் போட்டால் அவையும் மங்கும்.

தீட்டும் முன் பார்க்க வேண்டியவை

வெயிலிலோ பிரகாசமான மேசை விளக்கின் கீழோ, 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸுடன் உட்காருங்கள்.

முதலில் வெடிப்பு. வாயிலிருந்து மேல்நோக்கி மயிரிழைபோல் ஒரு கோடு ஓடினால் அந்தக் கத்தி தீட்டுவதற்கு உதவாது. கல்லின் அழுத்தத்தில் துண்டு பெயர்ந்துவிடும். முழுக்குழிவு அலகை, அதாவது இரு முகமும் ஆழமாகக் குழிந்து மெலிந்த அலகை, நகத்தால் மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஒலி செத்துப்போயிருந்தால் வெடிப்பை இன்னொரு முறை தேடுங்கள்.

அடுத்து முதுகின் தேய்மானம். முதுகின் இரு விலாவிலும் தட்டையான பளபளப்புப் பட்டை தெரியும். 1 மி.மீ. அகலம் சாதாரணம். 3 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகியிருந்தாலோ, முன்பு தீட்டியவர் அழுத்திக் கோணலாகத் தீட்டியிருக்கிறார் என்று பொருள். முதல் கத்தியாக இதை வாங்காதீர்கள்.

பிறகு வாய். சிறு துண்டு பெயர்ந்து பல் விழுந்திருந்தால் அதன் ஆழத்தைப் பாருங்கள். அரை மி.மீ. வரை பொறுமை இருந்தால் கல்லிலேயே எடுத்துவிடலாம். 1 மி.மீ. தாண்டினால் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பது நல்லது. வாயிலிருந்து 2 மி.மீ.க்குள் கரிய துருக்குழிகள் இருந்தால் சந்தேகப்படுங்கள். மேலே புள்ளியாகத் தெரியும் குழி உள்ளே ஆழமாகப் போயிருக்கும். தீட்டி வாய் அங்கே போய்ச் சேரும்போது புதுப் பல் விழும். பொறிப்பின் கோடுகள் வாய்வரை இறங்கியிருந்தாலும் இதே சிக்கல்தான்.

காம்பில் உள்ள முத்திரையையும் படியுங்கள். சோலிங்கன் என்ற பெயரை அந்தப் பகுதியில் செய்த வெட்டுக்கருவிகளுக்கு மட்டுமே இடலாம் என்று ஜெர்மனியில் 1938-லேயே சட்டம் வந்தது. பளபளவென்று படம் போட்டு மிக மலிவாக விற்கும் முத்திரையில்லாத புதுக் கத்திகள் பலவற்றில் எஃகு மென்மையாக இருக்கும், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அவை அலமாரிக்கு மட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: கல்லில் உங்கள் முதல் கத்தி அலங்காரக் கத்தியாக இருக்க வேண்டாம். அலங்காரமில்லாத, நேர் வாயுள்ள ஒரு பழைய கத்தியில் மூன்று நான்கு முறை முழுச் சுற்றும் தீட்டிப் பழகுங்கள். கை நிதானமான பிறகு தங்கத்துக்கு வரலாம்.

தெருவில் சக்கரச் சாணை பிடிப்பவரிடம் சவரக்கத்தியைக் கொடுக்கவே கூடாது. அரிவாளுக்கும் கத்தரிக்கும் அந்தச் சக்கரம் சரி. காகிதம்போல் மெலிந்த வாயில் பட்டால் நொடியில் சூடேறி எஃகின் பதம் போய்விடும். போன பதத்தைக் கல்லில் மீட்க முடியாது.

வேண்டிய பொருட்கள்

1000, 4000, 8000, 12000 எண்ணுள்ள நீர்க்கற்கள். 1000 எண் கல்லின் துகள் சுமார் 14 மைக்ரான், 8000-ல் சுமார் 2 மைக்ரான், 12000-ல் ஏறக்குறைய 1 மைக்ரான். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாவிட்டால் 1000-மும், 4000-மும் 8000-மும் சேர்ந்த இரட்டைக் கல்லும் வாங்குங்கள். 8000-லேயே சவரம் செய்யத்தக்க வாய் வந்துவிடும். அகலம் 70 மி.மீ. அளவில் இருப்பது வசதி. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிகியூல் என்ற மஞ்சள் கல்லில் தீட்டிய வாயின் மென்மை தனிச் சுகம். ஆனால் இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் கொண்டது. பழகும் காலத்தில் எது உங்கள் தவறு, எது கல்லின் குணம் என்று பிரித்தறிய முடியாது. செயற்கைக் கல்லில் தொடங்குங்கள்.

கல்லைச் சமப்படுத்த 400 எண் வைரத் தகடு, அல்லது தடித்த கண்ணாடிமேல் ஒட்டிய 320 எண் நீர்த்தாள் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்). பி.வி.சி. இன்சுலேஷன் டேப், தரமான நிறுவனத்துடையது, தடிமன் 0.13 முதல் 0.18 மி.மீ.க்குள். அழியாத மை மார்க்கர். லென்ஸ். கான்வாஸும் தோலும் சேர்ந்த தொங்கு தோல்வார். வாசனையில்லாத கனிம எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயே போதும். மென்மையான பருத்தித் துணி நான்கைந்து.

படி 1: கல்லைச் சமப்படுத்துதல்

கடையிலிருந்து வந்த புதுக் கல்லும் சமமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். மேற்பரப்பில் பென்சிலால் கட்டம் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைரத் தகட்டால் எட்டு வடிவில் தேயுங்கள். எல்லாக் கோடும் ஒன்றாக மறைந்தால் சமம். நடுவில் மட்டும் கோடு நின்றால் அங்கே குழி இருக்கிறது, தொடருங்கள். பிறகு கல்லின் நான்கு மேல்விளிம்புகளையும் 45 பாகையில் சற்று மழுக்குங்கள். கூரான கல்விளிம்பில் வாய் இடித்தால் பல் விழும்.

ஊறவைப்பது கல்லைப் பொறுத்தது. பழைய வகை 1000 எண் களிமண் கற்கள் குமிழி நிற்கும்வரை, சுமார் 10 நிமிடம், ஊற வேண்டும். இறுகலான கற்களுக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும். அவற்றை நீண்ட நேரம் ஊறவைத்தால் விரிசல் விடக்கூடும்.

படி 2: முதுகுக்கு டேப்

அலங்காரக் கத்திக்கு இதுவே உயிர்நாடி. முதுகை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடையுங்கள். அலகைவிட 2 செ.மீ. நீளமாக டேப்பை வெட்டி, நடுப்பகுதி முதுகின் உச்சியில் வருமாறு நீளவாக்கில் வைத்து, இரு பக்கமும் மடித்து விரலால் நீவுங்கள். இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்த டேப் தீட்டும்போது சுருங்கி நகரும். ஒரே அடுக்கு போதும். சுருக்கமோ காற்றுக்குமிழோ இருந்தால் கழற்றிப் புதிதாக ஒட்டுங்கள்.

டேப் முதுகை இரு பக்கமும் உயர்த்துவதால் கோணமும் கூடும். மேலே சொன்ன 19 மி.மீ. கத்தியில் 0.15 மி.மீ. டேப் ஏறக்குறைய 0.9 பாகையைக் கூட்டுகிறது. சவரத்தில் இதை உணர மாட்டீர்கள், ஆனால் கல்லில் இதன் விளைவு பெரிது. ஒரு முறை டேப்புடன் தீட்டிய கத்தியை அடுத்த முறை டேப் இல்லாமல் வைத்தால் கல் வாயின் நுனிக்கோட்டைத் தொடாது, அதற்குப் பின்னால் தேய்க்கும். எனவே டேப்புடன் தொடங்கினால் என்றும் டேப்புடன்தான். எந்தக் கத்திக்கு எத்தனை அடுக்கு என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவையுங்கள்.

கல் மாற்றும்போதெல்லாம் டேப்பையும் மாற்றுங்கள். 1000 எண் கல்லில் அது சீக்கிரம் தேயும். நடுவிலேயே பளபளப்போ வெள்ளைக் கீற்றோ தெரிந்தால் உடனே மாற்றுங்கள்; இல்லாவிட்டால் டேப் கிழிந்து கல் தங்கத்தைத் தொட்டுவிடும்.

படி 3: 1000 எண் கல்லில் சரிவு அமைத்தல்

வாயின் இரு பக்கமும் உள்ள சிறு சரிவுகள் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். முழு வேலையின் முக்கால் பங்கு இந்தப் படியில்தான். இங்கே அவசரப்பட்டவர்தான் பின்னால் 12000 எண் கல்லில் மணிக்கணக்கில் இழுத்தும் கூர் வராமல் தவிக்கிறார்.

கல்லை வழுக்காதபடி ஈரத்துணிமேல் வையுங்கள். காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். கைப்பிடியின் எடை கத்தியைச் சாய்க்காமல் மற்ற விரல்கள் தாங்கட்டும். முதுகும் வாயும் கல்லில் படிந்தபின் வாய் முன்செல்லும்படி தள்ளுங்கள். தள்ளும்போதே குறுக்காகவும் நகர்த்துங்கள்: தொடக்கத்தில் அடி கல்லின்மேல், முடிவில் நுனி கல்லின்மேல். இதுதான் எக்ஸ் இழுப்பு. கல் முழுதும் ஒரே சமமாக இல்லாவிட்டாலும் வாயின் எல்லா இடமும் சம பங்கு தேய இது வழி செய்கிறது. கல்லின் முடிவில் கத்தியை முதுகின்மேல் புரட்டித் திருப்புங்கள். வாயின்மேல் புரட்டினால் அந்தக் கணமே வாய் போச்சு.

காம்பையொட்டி அலகில் தடித்த மேடு இருக்கும் கத்திகளில் அந்த மேடு கல்லில் ஏறக் கூடாது. ஏறினால் அடிப்பகுதி உயர்ந்து, அங்கே வாய் தேயாமல் விட்டுப்போகும். மேட்டைக் கல்லின் விளிம்புக்கு வெளியே வைத்து, அடி சற்று முன்னால் இருக்குமாறு கத்தியைச் சாய்த்துத் தள்ளுங்கள்.

முதலில் சரிவு முழுதும் மார்க்கரால் மை பூசுங்கள். நான்கு இழுப்பு இழுத்துவிட்டு லென்ஸில் பாருங்கள். வாயின் நுனிக்கோடுவரை மை அழிந்திருந்தால் கல் சரியான இடத்தைத் தொடுகிறது. மேலே அழிந்து நுனிக்கோட்டில் மை நின்றால் இன்னும் போக வேண்டும். நடுவில் நின்று இரு முனையில் அழிந்திருந்தால் வாய் குழிந்திருக்கிறது, புதியவர் தொட வேண்டிய கத்தி அல்ல. வாய் வில்போல் வெளிநோக்கி வளைந்த கத்தி என்றால், இழுக்க இழுக்க மணிக்கட்டை மெல்ல உருட்டி, அடி முதல் நுனிவரை படிப்படியாகக் கல்லைத் தொடச் செய்ய வேண்டும்.

ஒரு பக்கம் 20 சிறு வட்டங்கள், மறுபக்கம் 20, பிறகு 10 எக்ஸ் இழுப்பு. இது ஒரு சுற்று. அழுத்தம் என்றால் சமையலறைத் தராசை 300 கிராம் காட்டவைக்கும் அளவு. அதற்கு மேல் வேண்டாம். முழுக்குழிவு அலகு அழுத்தத்தில் வளையும். வளைந்தால் சரிவு அகன்று தெரியும், வாயோ கல்லைச் சரியாகத் தொட்டிராது. மூன்று சுற்றுக்குப் பின் சோதியுங்கள். மழுங்கிய பழைய கத்திக்கு எட்டுப் பத்துச் சுற்றுகூட ஆகலாம்.

சரிவு அமைந்ததா என்று அறிய இரண்டு சோதனை. விளக்கொளியில் வாயை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடியுங்கள். எங்காவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே வாய் மழுங்கியிருக்கிறது; கூரான வாய் ஒளியைத் திருப்பாது. அடுத்து, முன்கை மயிரைத் தோலோடு ஒட்டி வழித்துப் பாருங்கள். அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மூன்றும் இழுவையில்லாமல் மழித்தால் மட்டுமே அடுத்த கல்லுக்குப் போங்கள். ஓரிடத்தில் மழிக்காவிட்டாலும் இங்கேயே இருங்கள்.

கத்தி கை நழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள். ஒரு அடி பின்வாங்குங்கள். பல் விழுந்த வாயைத் திரும்பத் தீட்டலாம்.

படி 4: 4000, 8000, 12000

கத்தியையும் கையையும் கழுவி, டேப் மாற்றி, அடுத்த கல்லுக்குப் போங்கள். முந்தைய கல்லின் ஒரு துகள் ஒட்டிக்கொண்டு வந்தாலும் நுண்கல்லில் கீறல் விழும்.

4000-ல் 30 எக்ஸ் இழுப்பு. ஒரு போக்கும் ஒரு வரவும் சேர்ந்து ஒன்று. 1000 எண் கல்லின் ஆழமான கீறல்கள் லென்ஸில் மறைந்திருக்க வேண்டும். மறையாவிட்டால் இன்னும் 20. 8000-ல் 30, கத்தியின் எடை மட்டும். 12000-ல் 15 முதல் 20 வரை, கத்தி தண்ணீர்மேல் மிதப்பதுபோல. கடைசி ஐந்து இழுப்பில் கத்தியைச் சற்றுத் தாங்கிப் பிடித்தாலும் தகும். சரியான வாய் நுண்கல்லில் லேசாக ஒட்டிக்கொண்டு, முன்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்.

நுண்கல்லில் அதிகம் இழுத்தால் கூர் கூடாது. வாய் மெலிந்து பிசிறாகி, லென்ஸில் ரம்பம்போல் தெரியும். அப்படியானால் அதே கல்லில் முதுகு முன்செல்லும்படி ஐந்து இழுப்பு இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டு, 4000-லிருந்து லேசான கையுடன் மறுபடி வாருங்கள்.

முடிந்ததும் டேப்பை நீளவாக்கில், மடித்துத் தாழப் பிடித்து, மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று மேல்நோக்கி இழுத்தால், ஏற்கெனவே பெயர்ந்து நிற்கும் முலாம் டேப்போடு வந்துவிடும். பசை மிச்சமிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துச் சில நிமிடம் கழித்துத் துணியால் ஒற்றியெடுங்கள். டேப்பை ஓரிரவுகூட முதுகில் விடாதீர்கள். அடியில் தேங்கும் நீர் காலையில் துருவாகியிருக்கும்.

படி 5: தோல்வார்

தோல்வாரில் திசை நேர்மாறு: முதுகு முன்னால், வாய் பின்னால். வாரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும். முதுகை ஒரு நொடிகூடத் தூக்கக் கூடாது. தீட்டியபின் முதல் முறை கான்வாஸில் 25, தோலில் 50 போக்குவரவு. பிறகு ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோலில் 30 போதும். திருப்புவது இங்கும் முதுகின்மேல்தான். வேகம் வேண்டாம், தோல்வாரில் விழும் வெட்டுகள் பெரும்பாலும் அவசரமாகத் திருப்பும்போது விழுபவை.

முதுகின் விலாவில் தங்கம் இருந்தால் தோல்வார் ஆண்டுக்கணக்கில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. வெறும் சுத்தமான தோலில் இது மிக மெதுவாக நடக்கும். குரோமியம் ஆக்சைடுபோன்ற பசை தடவிய வாரில் வேகமாக நடக்கும். முலாம் பூசிய முதுகுள்ள கத்திக்குப் பசை வார் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

சவரத்துக்குப் பின்

நுரையைத் தண்ணீரில் அலசுங்கள். ஆணிப்பக்கம் தண்ணீர் போகாமல் அலகை மட்டும் நனையுங்கள். துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கி ஒற்றித் துடையுங்கள். முதுகில் அரக்கோலம் இருந்தால் அதன் பள்ளங்களில் சோப்பு தங்கும். குழந்தைகளின் மென்மையான பல்துலக்கியை ஈரமாக்கி நீவிவிட்டு, உலர்ந்த துணி முனையால் ஒவ்வொரு பள்ளமாக ஒற்றுங்கள். கான்வாஸில் 10 போக்குவரவு இழுத்தால் வாயில் ஒட்டிய ஈரமும் போகும். பிறகு கத்தியை அரைகுறையாகத் திறந்தபடி, குளியலறைக்கு வெளியே, இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் அடுத்த நாள் சவரம் இல்லையென்றால் எண்ணெய் கட்டாயம். ஒரு சொட்டு கனிம எண்ணெயைத் துணியில் விட்டு அலகின் இரு முகத்திலும் முதுகிலும் மெல்லப் பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். நாட்பட்டால் காற்றுப்பட்டுக் கெட்டுப்போகும். ஆணிக்கும் துணைத்தகட்டுக்கும் (வாஷர்) நடுவில் மாதம் ஒரு சொட்டு. நெடுநாள் வைக்கும் கத்தியைத் தோலுறையில் இடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பெட்டியில் வைப்பது நல்லது.

தங்கமும் துருவும்

வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து விபூதியால் துலக்கும் பழக்கம் நமக்கு உண்டு. சவரக்கத்தியில் இந்தக் கைவைத்தியம் இரண்டுமே கேடு. புளியின் அமிலம் எஃகைக் கருக்க வைக்கும், திருநீற்றுத் துகள் முலாமைச் சுரண்டும். பற்பசை, சமையல் சோடா, கார் பாலிஷ், இரும்புக் கம்பளி எல்லாமே இதே பட்டியல்தான். தங்கம் துருப்பிடிப்பதில்லை, எனவே அதைத் தேய்க்க வேண்டிய தேவையே இல்லை. அழுக்கு படிந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், பஞ்சு, ஒற்றியெடுத்தல், அவ்வளவுதான்.

தங்கத்தின் நடுவில் செந்நிறப் புள்ளி தெரிந்தால் காரணம் வேறு. முலாமில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக ஈரம் எஃகைத் தொடும்போது, தங்கமும் இரும்பும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம்போல ஆகிவிடும். அரிபடுவது இரும்பு. வெறும் எஃகைவிட முலாமின் துளையடியில் துரு வேகமாக வேரூன்றுவது இதனால்தான். புள்ளியின்மேல் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். மூங்கில் பல்குத்தியின் முனையைத் தட்டையாக்கி, அந்தப் புள்ளியை மட்டும் கிளறி, எண்ணெயோடு துடைத்தெடுங்கள். கருமை நிற்கும், நிற்கட்டும். பரவாத கருமை கெடுதல் செய்யாது. அதைப் போக்கப் போனால் சுற்றியுள்ள தங்கமும் போகும்.

முலாம் இல்லாத இடத்தில் புதுத் துரு இருந்தால் நுண்ணிய உலோகப் பாலிஷை விரல்நுனித் துணியில் எடுத்து, அந்த இடத்தில் மட்டும், முதுகிலிருந்து வாய்ப்பக்கம் ஒரே திசையில் தேய்க்கலாம். பக்கத்திலுள்ள தங்கத்தை மாஸ்கிங் டேப்பால் மூடாதீர்கள், பசை இழுத்துவிடும். கையால் எல்லை காத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி

பழைய அலங்காரக் கத்திகளில் அலகைவிடக் கைப்பிடிதான் பெரிய ஆபத்து. அச்சில் வார்த்த பூ, உருவம், ஆமையோட்டு நிறம், தந்த நிறக் கீற்று என்று தெரிபவற்றில் பெரும்பாலானவை செல்லுலாய்ட். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. ஆண்டுகள் போகப்போகச் சில கைப்பிடிகள் சிதையத் தொடங்கும். அப்போது வெளிவரும் அமில வாயு கைப்பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் அலகைத் தாக்கும். மடக்கினால் கைப்பிடிக்குள் போகும் பகுதி மட்டும் துருத் தூளாகி, காம்பு சுத்தமாக இருந்தால் குற்றவாளி இதுவே.

அறிகுறிகள்: கற்பூர நெடி தூக்கலாக வருவது, உள்பக்கம் ஈரமாகவோ பிசுபிசுப்பாகவோ இருப்பது, நுண்ணிய கட்டம்கட்டமான வெடிப்பு, ஆணியைச் சுற்றிப் பச்சைக் கசிவு. ஒன்று தெரிந்தாலும் அந்தக் கத்தியை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஒரே பெட்டியில் இருந்தால் பக்கத்துக் கத்திகளும் துருப்பிடிக்கும். மூடிய பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், காற்றோட்டம் வேண்டும். சிதைவை நிறுத்தும் பூச்சு எதுவும் இல்லை. அலகைக் காப்பாற்ற, ஆணியைக் கழற்றிக் கைப்பிடியை மாற்றுவதே வழி, அதைத் தெரிந்தவர் செய்யட்டும். செல்லுலாய்ட் எளிதில் தீப்பிடிக்கும். விளக்கடியிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். ஆல்கஹாலும் அசிட்டோனும் அதைக் கரைத்து மென்மையாக்கும். பிறர் பயன்படுத்திய கத்தியின் அலகை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துத் தொற்றுநீக்கும்போது, கைப்பிடியில் ஒரு துளியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொம்புக் கைப்பிடி உலர்ந்தால் பிளக்கும், பூச்சியும் அரிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். முத்துச்சிப்பி பதித்ததும் எலும்பும் ஊறவே கூடாது. யானைத் தந்தமும் உண்மையான ஆமையோடும் இருந்தால் விற்பதும் நாடுவிட்டு நாடு கொண்டுபோவதும் சட்டச் சிக்கல். வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

அலகு தொளதொளவென்று ஆடினால் ஆணித்தலையை இறுக்க வேண்டும். சிறு இரும்புப் பட்டறைமேல் வைத்து, உருண்டை முகச் சிறு சுத்தியலால் தலையைச் சுற்றி மிக லேசாக நான்கைந்து தட்டு, பிறகு மறுபக்கம். நடுவில் ஒரே அடியாக அடித்தால் கைப்பிடி பிளக்கும். தந்தம், சிப்பி, செல்லுலாய்ட் கைப்பிடிகளில் இதை நீங்களே செய்ய வேண்டாம்.

மறுபடி எப்போது தீட்டுவது

சவரத்தில் மயிர் இழுபடத் தொடங்கினால் முதலில் தோல்வாரில் 60 போக்குவரவு இழுத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் டேப் ஒட்டி 12000-ல் 15 இழுப்பு. பெரும்பாலும் இதுவே போதும். வாரத்துக்கு மூன்று நான்கு சவரம் செய்பவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இது தேவைப்படும். அதற்கும் மசியாவிட்டால் 8000-லிருந்து வாருங்கள். பல் விழாதவரை 1000 எண் கல்லுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை அந்தக் கல்லைத் தொடும்போதும் அலகின் அகலம் குறைகிறது, பொறிப்பின் கீழ்க்கோட்டுக்கு வாய் ஒரு படி நெருங்குகிறது.